நீல முழுக்கைச் சட்டை

நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவர் போலிருக்கிறது. நாலு கடை ஏறி இறங்கிய களைப்பு இருவர் முகத்திலும்.

"ஒரு சட்டையும் சரியில்ல ஏட்டி. ஞாயிற்றுக்கிழமை கூட்டுக்காரனுவகூட மலை ஏறணும். இந்த வெயிலுக்கு முழுக்கையும் வேணும், மெலிசாவும் இருக்கணும்."

"அப்படி ஒண்ணு வீட்டுல கெடக்கு."

"எது?"

"நீங்க மொதல்ல கல்ஃபுக்குப் போவும்போ விட்டுட்டுப் போன நீலச் சட்டை. ரப்பர் பால் வெட்டப் போவும்போ சேலைக்கு மேல அதத்தான் போடுவேன். கொசு கடிக்காது."

"அது கட்டித் துணியாக்கும்."

"அப்போ கட்டி. எட்டு வருசமா என்கூட தெனமும் மலை ஏறுது. இப்போ வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியும். கடையில அவ்வளவு மெலிசு கிடைக்காது."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தக்கலை தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"செரி, அதையே போடுதேன்."

"போடுங்க. மலையிலேருந்து வந்ததும் நீங்களே தொவச்சுக் காயப் போட்டிருங்க. திங்கக்கிழமை எனக்கு வெட்டு உண்டு."