சித்தப்பா பேசினால்...

ராத்திரி ஒன்று நாற்பது. வனவிலங்குக் காப்பகத்தின் பின்பக்கக் கேட்டிலிருந்து காட்டுக்குள் போகிற மண் ரோடு. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது. மழை விட்டுவிட்டது, மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு சைக்கிள். செயின் கறக்... கறக் என்கிறது. ஓட்டுகிறவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறார்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குரலை உயர்த்திச் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

சைக்கிளில் போகிறவர் என் சிநேகிதனின் சித்தப்பா. அவர் வீட்டில் தங்கித்தான் சிநேகிதன் படித்தான். சித்தப்பா வாய் ஓயாதவர். பேச ஆள் கிடைக்காவிட்டால் சுவரோடு பேசுவார். சுவர் அலுத்துப்போனால் கூரையோடு. அப்படிப்பட்ட மனிதருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்... வாயைத் திறக்கக் கூடாத வேலை.

யாரோ வயலைச் சுற்றிப் போட்டிருந்த மின்கம்பியில் ஒரு தாய்ப்புலி சிக்கிச் செத்துவிட்டது. பக்கத்தில் மூன்று மாதப் பெண் குட்டி. அதை வளர்த்துத் திரும்பக் காட்டிலேயே விடவேண்டும். அதற்காகக் காட்டுக்குள் ஓர் அடைப்பு. உயரமான வேலி, வேலி முழுக்கப் பச்சைத் துணி. இறைச்சி ஒரு தகரக் குழாய் வழியாகச் சரிந்து உள்ளே விழும். போட்டது யார் என்று குட்டிக்குத் தெரியாது. அதற்குப் பெயர் வைக்கவும் கூடாது. வெறும் எண். பதினேழு.

கால்நடை டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "மனுஷன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியக் கூடாது. இருமல் வந்தா முழுங்குங்க. தும்மல் வந்தா தூர ஓடிப்போய்த் தும்முங்க. நம்மகிட்ட அதுக்கு இருக்கிற பயம் போச்சுன்னா, அதைக் கொன்னது நாமதான்."

வீட்டில் சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டுச் சம்பளம் வாங்குறாரா? ஒம்பது வருஷமா என்னால முடியல. அந்தப் புலிக்கு ஒரு கும்பிடு போடணும்!"

"அங்க சேத்து வைக்கிறதையெல்லாம் இங்கதான் கொட்டுவேன், பாத்துக்க," என்பார் சித்தப்பா. கொட்டவும் செய்தார். சித்தி சோற்றைப் பரிமாறிவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுபோல் நடிப்பாள்.

இரண்டு மாதம் அடைப்பருகே ஒரு சொல் கிடையாது. மூன்றாவது மாதம் குட்டிக்கு நோய் கண்டது. நான்கு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. டாக்டரம்மா மருந்து ஏற்றிவிட்டு, வேறு மருந்து வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். அன்றைக்குத்தான் அந்த ஒன்று நாற்பது. இரண்டு மணிக்குக் காவல் மாற்றப் போன சித்தப்பா, முந்தைய ஆளை அனுப்பிவிட்டு, துணியிலிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்.

குட்டி ஒருக்களித்துக் கிடந்தது. விலா ஏறியது... இறங்கியது... அப்புறம் வெகுநேரம் ஏறவில்லை.

தலையைத் தூக்காமலே மூக்கால் ஒரு சத்தம் விட்டது. ஃப்பூ... ஃப்பூ. உறுமல் இல்லை. தாயைக் கண்டால் குட்டி விடுகிற மூச்சு அது. யாருமே இல்லாத இருட்டைப் பார்த்து அது தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டார். விரலைக் கடித்துக்கொண்டார். அப்புறம்...

"நான் இருக்கேன்டா கண்ணு," என்றார். "இங்கதான் இருக்கேன்."

திறந்த வாயை மூட முடியவில்லை. விடிய விடியப் பேசினார். சைக்கிள் செயின் படுத்தும் பாடு, சித்தியோடு போட்ட சண்டை, பக்கத்து வீட்டுக்காரரின் பொய்ப்பல் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது... எல்லாவற்றையும். குட்டி ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தது. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் எழுந்து, தள்ளாடி நடந்து, தண்ணீர் குடித்தது.

சித்தப்பா இதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வயதானதும், விடுவதற்கு முன் ஒரு சோதனை. டாக்டரம்மா வேலிக்கு வெளியே நின்று சத்தமாகப் பேசினார். ஜீப் டிரைவர் பேசினார். புலி பல்லைக் காட்டிவிட்டுப் புதருக்குள் பாய்ந்து மறைந்தது. தினமும் இறைச்சி போடுகிறவரின் வாடை அதற்குப் பழகியிருக்கும் என்று சித்தப்பாவை மட்டும் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

"யாராவது, எப்பவாவது, இது காதுல விழற மாதிரி பேசியிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஒரு வார்த்தைன்னாலும் இப்பவே சொல்லிடுங்க. வெளிய விட வேணாம். ஆயுசுக்கும் இங்கயே வச்சுக் காப்பாத்திக்கலாம்."

ஆயுசுக்கும் என்ற சொல்தான் சித்தப்பாவைக் குத்தியது. ஆயுசுக்கும் இந்தப் பச்சைத் துணிக்குள்ளா? அதுதான் எல்லாரையும் கண்டு ஓடுகிறதே... இல்லை என்று தலையாட்டினார்.

எல்லாரையும் கண்டு ஓடியது. ஒரே ஒரு குரலை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிக் காட்டில் விட்டார்கள். நாலு மாதம் தானே வேட்டையாடித் தின்று காட்டுக்குள்ளேயே திரிந்தது. ஐந்தாவது மாதம் ஒருநாள், இருட்டுகிற நேரம். காட்டை ஒட்டிய நெடுஞ்சாலையில் டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து சித்தப்பா கதை அளக்கிறார், லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். திடீரென்று ஒரு வாசனை... புது அரிசி கொதிக்கிற மாதிரி. காட்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், புலி எல்லை குறித்துவிட்டுப் போன இடத்தில் அந்த வாசனைதான் வரும். எதிர்ப்பக்கப் புதர் அசைந்தது.

ஃப்பூ.

ரோட்டோரத்தில் பதினேழு. முழுப் புலியாக வளர்ந்திருந்தது. அவரையே பார்த்தது. வளைவில் ஒரு லாரியின் வெளிச்சம் திரும்பியது.

"போ!" என்று அலறினார் சித்தப்பா. "வராத! போயிடு! போ!"

அதற்குச் சொல்லா தெரியும்? குரல்தான் தெரியும். அந்தக் குரல் அதற்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்... நான் இங்கதான் இருக்கேன்.

ஓடி வந்தது.

ஹாரன். பிரேக். அப்புறம் ஒரு சத்தம். நனைந்த மெத்தையை மாடியிலிருந்து போட்டதுபோல.

சித்தப்பாவின் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஆட்டோகூட உள்ளே வராது. மூன்றாம் நாள் ராத்திரி அவர் சித்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். அரிசி கொதிக்கிற வாசனை. அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. வாசல் பக்கம்... ஃப்பூ. அப்புறம் அந்தச் சந்துக்குள் லாரி ஹாரன். பிரேக். மெத்தை விழுகிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தார். சந்து காலி.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இருட்டிய பிறகு அவர் வாயைத் திறந்தால் அது வரும். வந்தால் ரோட்டைக் கடக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாகும்.

அதனால் சித்தப்பா பேச்சை நிறுத்தினார். முதலில் ராத்திரியில். அப்புறம், பேச்சு சுவாரசியத்தில் பொழுது சாய்ந்ததை மறந்துவிடுவோமோ என்று, பகலிலும். சித்தி திட்டினாள், அழுதாள், தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் அவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். சித்தி நம்பவில்லை.

"எங்க, எம் பேரைச் சொல்லுங்க. வருதான்னு பாப்போம்."

சொன்னார். வந்தது.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் சித்தி கேட்கவே இல்லை. அவள் பேசுவாள், அவர் விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. தட்டிக்கொண்டே இருந்தால், "போதும், சாமி, ஒத்துக்கிறேன்." சிரிப்பதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

பன்னிரண்டாம் வருஷம் சித்தி ஆஸ்பத்திரியில். நாலாவது மாடி. இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் சிநேகிதன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு ஒருக்களித்திருந்தது. ராத்திரி இரண்டே கால்.

"எனக்காக ஒரு தடவை பேசுங்களேன்," என்றாள் சித்தி. "உங்க குரலே மறந்துபோச்சு. அதைக் கேக்காம எப்படிங்க போவேன்?"

கட்டில் விளிம்பில் இரண்டு தட்டு. வெகுநேரம் கழித்து மறுபடி இரண்டு. அப்புறம்... சித்தப்பா பேசினார். துருப்பிடித்த குரல். சித்தியின் பெயரைச் சொன்னார்.

நாலாவது மாடி நடைபாதையின் கோடியில் லாரி ஹாரன். பிரேக். அந்தச் சத்தம். சித்தப்பா அழுதுகொண்டே பேசினார். ஹாரன். பிரேக். சத்தம். மறுபடி. மறுபடி. சிநேகிதன் காதைப் பொத்திக்கொண்டான். கைகளைத் தாண்டியும் கேட்டது.

"போ... போயிடுடா..." சித்தப்பா கெஞ்சினார்.

"இன்னும் ஏன் போ, போன்னு விரட்டுறீங்க?" என்றாள் சித்தி. மூச்சு வாங்கியது. "பாவம், எத்தனை தடவைதான் சாகும் அது? வான்னு சொல்லுங்க. நானும் பாக்கிறேன், என் சக்களத்திய."

"வா," என்றார் சித்தப்பா.

ஹாரன் இல்லை. பிரேக் இல்லை. நடைபாதையில் மெத்து மெத்தென்று, கனமான, ஈரமான நடை. சிநேகிதன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முழங்காலை ஏதோ உரசிக்கொண்டு போனது. சூடாக இருந்தது. கதவு நன்றாகத் திறந்தது. உள்ளே சித்தி சிரித்தாள், சின்னப் பெண் மாதிரி. அரிசி வாசனை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது.

அவன் உள்ளே போனபோது சித்தி போய்விட்டிருந்தாள்.

இப்போது சித்தப்பா எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வாசனை வருவதில்லை. சத்தம் வருவதில்லை. ராத்திரி முழுக்க வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுகிறார். நடுநடுவே நிறுத்திக் காது கொடுக்கிறார். எதுவுமே வருவதில்லை.

ஆனால் தினமும் பேச ஆரம்பிப்பதற்கு முன், செருப்பை மாட்டிக்கொண்டு சந்திலிருந்து வெளியே வந்து மெயின் ரோடு வரை நடந்து போகிறாராம். இந்தப் பக்கம் பார்க்கிறார். அந்தப் பக்கம் பார்க்கிறார். தூரத்தில் ஏதாவது வெளிச்சம் தெரிந்தால், அந்த வண்டி தாண்டிப் போய், அதன் சத்தமும் தேய்ந்து மறையும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

ரோடு காலியான பிறகுதான் கூப்பிடுகிறார். இரண்டு பேரையும்.