பிரெபென் சாரின் விசா நாளை முடிகிறது

சுற்றுலா விசாவை நீட்டிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, கேப்டன். பாஸ்போர்ட், ஒரு பாரம், இரண்டு புகைப்படம், அப்புறம் நீளமான பழுப்பு அட்டைக் கோப்பு ஒன்று. அந்தக் கோப்பில்தான் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கோட்டை விடுவார்கள். குட்டைக் கோப்பை வாங்கிக்கொண்டு போய் நின்று, மறுபடி வரிசையின் வாலைப் பிடிப்பார்கள். நான் காலைப் படகில் பெரிய தீவுக்குப் போனால் மாலைப் படகில் முத்திரையோடு திரும்பிவிடுவேன். நம் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டை இருபத்தெட்டு வருஷம் எழுதியவள் இந்தப் புரிங். என் கையில் ஒரு காகிதம் காலாவதியானதாகச் சரித்திரம் கிடையாது. அதனால்தான் இன்றைக்கு நானாகவே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். பிரெபென் சாரின் விசா நாளையோடு முடிகிறது.

அவர் வந்ததிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நீங்கள் எழுத வசதியாக இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே மார்ச் மாதம், இரண்டு வாரம் கடல் பார்க்கிறேன் என்று டென்மார்க்கிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு வந்தார். என் வீட்டு மாடி அறையில் தங்கினார். வயது எழுபத்தொன்று. வேலை பார்த்த காலத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவராம். நம் லினாவான் தீவில் மாதா கோயில் மணிக்கூண்டைத் தவிர இரண்டு மாடிக்கு மேல் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரே வாரத்தில் ஊர் அவரை இன்ஜினியர் ஆக்கியது. அடுத்த மாதம் தலைமை இன்ஜினியர். நகரத்தந்தை மேடையில் பேசும்போது 'உலகப் புகழ்பெற்ற' என்பதையும் சேர்த்துக்கொண்டார். சார் மறுத்துப் பார்த்தார். மறுக்க மறுக்க, 'எவ்வளவு அடக்கம்' என்று அதற்கும் ஒரு கைதட்டு.

முதல் தடவை விசாவை நீட்டித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "புரிங், எனக்கு இங்கயே சாகணும்னு தோணுது" என்றார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், கேப்டன். அது அவருடைய வாயிலிருந்து வந்த விருப்பம். கையெழுத்துப் போடுவது சலிப்பாக இருக்கிறது என்று அவருக்குப் பதிலாக நான் போய் நிற்க முப்பது வெற்று அதிகாரக் கடிதங்களில் ஒரே நாளில் கையெழுத்திட்டு என்னிடம் தந்ததும் அவர்தான்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்னால், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் யார் என்று யோசிப்போம். ஆள் பெரியவராக இருந்தால் பிள்ளையும் பெரியதாகும். நம்மிடம் அதுவரை இருந்த பெரிய மனிதர்கள் பல் டாக்டரும் ஐஸ் ஆலைக்காரரும்தான். ஒரு முழு ஐரோப்பியர் கிடைத்ததும் ஊர் சும்மா இருக்குமா? இரண்டு வருஷத்தில் அவருக்கு அறுபத்தோரு ஞானப்பிள்ளைகள். உங்கள் இரண்டாவது மகனும் அதில் ஒருவன்.

அவர் வருவதற்கு முன் திருவிழாவன்று பங்குச் சாமியார் மதிய விருந்துக்குப் போனது வேலிக்கு அடுத்தாற்போல் இருக்கும் கொன்சோர்சியா வீட்டுக்கு. துபாயில் பிள்ளை இருக்கிறானாம், இரண்டு கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறதாம். இருபது வருஷம் நான் அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் தட்டு கழுவ நின்றிருக்கிறேன். சார் வந்தபிறகு சாமியார் என் வீட்டுக்கு வந்தார். கொன்சோர்சியா என் கொல்லைப்புறத்தில் நின்றாள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது இது.

இரண்டாவது வருஷம் நவம்பரில் சாருக்கு ஒரு போன் வந்தது. மகள் லோனெ. ஒன்பது வருஷமாக அப்பாவோடு பேசாமலிருந்த பெண். குழந்தை பிறந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றாளாம். சார் பாதிக் கஞ்சியில் எழுந்து அழுதார். பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் வந்து, "புரிங், கிறிஸ்மஸுக்கு நான் ஊருல இருக்கணும்" என்றார்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய பயணி கிளம்புவதற்கு முன்னால் ஒரு வெளியேற்றச் சான்று வாங்கவேண்டும். பாஸ்போர்ட்டை என்னிடம் தந்தார். நான் பெரிய தீவுக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது கையில் நீளமான கோப்புதான் இருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். நீட்டிப்பு என்று சொன்னேன். பழக்கதோஷம்.

சாரிடம் புயல் எச்சரிக்கை என்றேன். அடுத்த வாரம், கையெழுத்திடுபவர் விடுப்பு என்றேன். அதற்கடுத்த வாரம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கு நம் நாட்டைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு, எதுவும் நடக்காது என்று. அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது நமக்கு வராத பழக்கம், கேப்டன். நாளைக்கு என்போம்.

கிறிஸ்மஸ் போயிற்று. ஜனவரியில் ஒரு காலை, பாஸ்போர்ட் இல்லாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சார் படகுத்துறைக்குப் போய்விட்டார். பயணிகள் பட்டியல் எழுதும் கடலோரக் காவல் ஆள் அவருடைய நாற்பத்திரண்டாவது ஞானப்பிள்ளையின் அப்பா. அவன் எனக்குப் போன் செய்தான். நான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் வந்து பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"என்ன சார், எங்க கெளம்பிட்டீங்க? சனிக்கிழம எங்க வீட்டுல பன்னி சுடுறோம். நீங்க இல்லாமயா?"

"நான் என் மகளப் பாக்கப் போகணும்."

"போலாம் சார், யாரு வேணாம்னா? மொதல்ல சாப்பிட்டுட்டுப் போங்க. ஏ, சாரோட பெட்டிய வாங்குப்பா."

உங்கள் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு கான்ஸ்டபிள் அணைத்துக்கொள்ள, எவ்வளவு மரியாதையாகக் கொண்டுவந்து விட்டீர்கள். வழியெல்லாம் ஞானப்பிள்ளைகள் கையசைத்தார்கள். அன்றைக்கு அவரைத் தடுத்தவர் என்று யாரையும் சொல்லமுடியாது. எல்லோரும் சாப்பிடத்தான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு சார் மாடியைவிட்டு இறங்கவில்லை. இதய மாத்திரை தீர்ந்துபோனது. அது பெரிய தீவில்தான் கிடைக்கும். வாங்கிவருகிறேன் என்று சொன்னேன். பாஸ்போர்ட் வேலையே தலைக்கு மேல் இருந்ததால் மறந்துவிட்டது. கொன்சோர்சியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏன்டி புரிங், ஒன் வெள்ளக்காரன் எளச்சுப் போயிட்டானே. சோறு போடுறியா, இல்ல போட்டோ மட்டும்தான் எடுக்குறியா?" என்றாள். பொறாமை.

போன வருஷம் பிப்ரவரி பதினாலாம் தேதி மாகாண ஆளுநரின் பேரனுக்கு ஞானஸ்நானம். ஆளுநர் வீட்டுப் பிள்ளைக்கு நம் சார் ஞானத்தகப்பன். விருந்து என் வீட்டில். லினாவான் சரித்திரத்தில் ஆளுநர் ஒருவர் சாதாரணக் குடும்பத்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பன்னிரண்டு பன்றி சுட நீளமாகக் குழி வெட்டினோம். முதல்நாள் சார் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார், "நாளைக்கு அந்த மேசையில உக்காந்துட்டு, எல்லாத்தையும் ஆளுநர்கிட்ட சொல்லப்போறேன், புரிங்."

விருந்து மேசையில் குறை சொல்வது எவ்வளவு அநாகரிகம்? அவருக்குத்தான் அவமானம். அதனால் காலையில் கோகோ கஞ்சியில் என் தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். ஒன்று போதும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். சார் பெரிய உடம்பு. அதற்குத் தகுந்தபடி போட்டேன்.

கோயிலில் கைத்தாங்கலாக நின்றார். விருந்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக மேசைத் தலைமாட்டில் உட்காரவைத்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளுநரின் மனைவி, "எவ்ளோ அமைதி பாருங்க. பெரிய மனுசங்கன்னா இப்படித்தான் இருப்பாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்புறம் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது படத்துக்கு அவர் கையை எடுத்துக் குழந்தையின் தலையில் நான்தான் வைத்தேன். கை சில்லென்று இருந்தது. நான் என்ன செய்திருக்க முடியும், கேப்டன்? பின்னால் நாற்பது குடும்பம் சீவிச் சிங்காரித்து வரிசையில் நின்றது. அதில் உங்கள் குடும்பம் எட்டாவது. உங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறீர்களே, அந்தப் படம். நல்ல படம். சார் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

தென்னங்கள் கொஞ்சம் அதிகம் என்று சொல்லி நாலு பேர் தூக்கிவந்து பின்கட்டு மூங்கில் கட்டிலில் போட்டார்கள். மறுநாள் காலை ஊர் மொத்தமும் ஆளுநரை வழியனுப்பப் படகுத்துறைக்குப் போயிருந்தது. குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. கரியை ஓரமாகத் தள்ளவேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு முட்டிவலி வேறு. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு ஜெபமாலை முழுதாகச் சொன்னேன். மேலே ஒரு சிறு எலுமிச்சைக் கன்று வைத்தேன். இப்போது காய்க்கிறது. போன மாதம் உங்கள் வீட்டுக்குக்கூட ஒரு பை அனுப்பினேன்.

அவருடைய காரியம் எதுவும் தடைபடவில்லை. ஆறாறு மாதமாக இரண்டு தடவை விசாவை நீட்டித்தேன், கடிதங்கள்தான் மிச்சம் இருந்தனவே. ஞானத்தகப்பன் நேரில் வரமுடியாவிட்டால் பதிலாள் நிற்கலாம் என்று திருச்சபையே அனுமதிக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் பதினோரு ஞானஸ்நானத்துக்கு நான் பதிலாளாக நின்றேன். சாருக்கு ஓய்வு தேவை என்றேன். யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. பெயர் பதிவேட்டில் ஏறினால் அவர்களுக்குப் போதும்.

ஆனால் சுற்றுலா விசாவை மூன்று வருஷத்துக்கு மேல் நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. நாளைக்குள் சார் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். இல்லையென்றால் அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். அந்தக் கெட்ட பெயர் அவருக்கு வரக்கூடாது. ஆகையால் இறந்துவிட்டார் என்று நாளைக்குள் பதிவு செய்யவேண்டும். இறப்புப் பாரத்தை நானே நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்னும் எதையும் எழுதவில்லையே, கேப்டன். பேனாவை மூடிவிட்டீர்கள். சரி, அந்தப் படத்தில் நீங்கள் அவர் தோளில் கைபோட்டபடிதானே நிற்கிறீர்கள். யோசித்து எழுதுங்கள். அவசரமில்லை.

நான்தான் ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போகவேண்டும். லோனெ தனியாக இருக்கிறாள். ஆமாம், சாரின் மகள், வந்து ஒன்பது நாள் ஆகிறது. அப்பா பக்கத்துத் தீவில் இருக்கிறார், காற்று அடங்கியதும் படகு வரும் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல பெண். நம் கஞ்சி அவளுக்குப் பிடித்திருக்கிறது. பெரிய வங்கியில் வேலையாம். ஊர் இப்போதே மேலாளர் என்கிறது. உங்கள் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம் என்று கேள்விப்பட்டேன். ஞானத்தாயாக நிற்பாயா என்று நேற்று அவளிடம் கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆனால் முப்பது நாளில் திரும்பவேண்டுமே என்றாள்.

அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.