சாவி உங்க பையில

மேடம், நேராவே கேட்டுடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரரை விசாரிக்கச் சொல்லி உங்களை அனுப்புனது பஸ் முதலாளியா, இல்ல அந்த டைம்கீப்பரா?

சரி, சொல்ல வேணாம். உக்காருங்க. அங்க இல்ல, ஜன்னல் ஓரமா, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால. காத்து வரும். ஆபீஸ் ரூம்லயே பேசலாந்தான், ஆனா டைம்கீப்பரு செருப்பைக் கழட்டிட்டுக் கதவுக்கு அந்தாண்ட நிக்கிறாரு. சாமி கும்பிடவா கழட்டுனாரு? சத்தம் வராம ஒட்டுக் கேக்கத்தான். அதோட, பாப்பா பஸ்ஸுல படுத்தா நல்லாத் தூங்குவா. நிக்கிற பஸ்ஸு, எங்க ஓடிடப் போவுது? சாவியக்கூட நீங்க வாங்கிப் பையில போட்டுக்கிட்டீங்க, பாத்தேன். எங்களை நம்பல. பரவால்ல, நானும் உங்களை நம்பல. கணக்கு நேராப் போச்சு.

அக்கான்னு கூப்பிடட்டுமா? மேடம் மேடம்னு வாய் வலிக்குது. வேணாமா? சரி, மேடமே இருக்கட்டும்.

குடிப்பாரான்னு கேக்குறீங்க. உங்களுக்கு முன்னாடியே நான் சந்தேகப்பட்டாச்சு. பஸ்ஸு ஸ்டாண்டுல எஞ்சின் ஆஃப் ஆகி நிக்குது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு, டிரைவர் சீட்டுல இருந்த இந்த மனுஷன் பிரேக்கு பிடிக்கல, விலகுங்க விலகுங்கன்னு கத்தியிருக்காரு. எதிர்ல நின்ன ஜனமெல்லாம் சிதறி ஓடி, ஒரு அம்மா விழுந்து கை மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. பஸ்ஸு ஒரு அடிகூட நகரல. அப்புறம் இவரு இறங்கி வாந்தி எடுத்திருக்காரு. கேக்குற யாருக்குமே குடின்னுதான தோணும்? எனக்கும் தோணுச்சு. வீட்டுக்கு வந்ததும் சட்டைய மோந்து பாத்தேன். டீசல் நாத்தம், வேர்வை நாத்தம், அவ்வளவுதான். வண்டி டூல்ஸ் பெட்டி, பரண், அரிசி டிரம்மு, ஒண்ணு விடல. கட்டிலுக்கு அடியில பாப்பா தொலைச்ச கிலுகிலுப்பைதான் கிடைச்சுது.

அவரு ஒரே வார்த்தை. பஸ்ஸு நகந்துச்சுடி, பிரேக்க மிதிச்சும் நிக்கலடி. வேற பேச்சே இல்ல. சாப்பாடு இறங்கல. வேலையும் போயி, குடிகாரன்னு பேரும் ஆனா வேற எந்தக் கம்பெனிக்காரன் ஸ்டீயரிங்கைக் குடுப்பான்?

மெஷின்ல ஊதச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். மெஷின் ரிப்பேராம். யாரு சொன்னா? டைம்கீப்பரு. இவரு ரூட்டுக்கு யாரு காத்துக் கிடக்குறா? டைம்கீப்பரு மச்சான். நான் சும்மா சொல்றேன், நீங்க எழுதிக்காதீங்க. இல்ல, எழுதிக்கோங்க.

பக்கத்து பஸ்ஸு ஏன் உறுமிக்கிட்டே இருக்குதுன்னா கேக்குறீங்க? கிளம்பற நேரம், போட்டு வச்சிருப்பாங்க. நீங்க கேளுங்க.

அந்த டைம்கீப்பரு கூட சண்டை போடலாம்னு மறுநாளே பாப்பாவத் தூக்கிக்கிட்டு இங்க வந்தேன். ஆளு இல்ல, டீ குடிக்கப் போயிட்டாரு. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு காலி பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். ஜன்னல் முழுக்கப் பக்கத்து பஸ்ஸுதான், தரை தெரியல, வானம் தெரியல. திடீர்னு எங்க பஸ்ஸு முன்னால போவுது! டிரைவர் சீட்டப் பாக்குறேன், ஆளே இல்ல. ஐயோ பாப்பான்னு அவளை இறுக்கிக்கிட்டேன். அவ என்னடான்னா கீழ கிடந்த பிஸ்கட்டப் பாத்துக்கிட்டு சிரிக்கிறா. நானும் கீழ பாத்தேன். தரை அப்படியே இருக்கு. பக்கத்து பஸ்ஸுதான் பின்னால போயிருக்கு. அதுக்கப்புறம் ஒரே குமட்டல், கீழ இறங்கி பஸ்ஸப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் புரிஞ்சுது. போறோம் போறோம்னு கண்ணு சொல்லுது, எங்கயும் போகலன்னு உக்காந்த இடம் சொல்லுது. எங்க அத்தையும் அவரும் சண்டை போட்டா நடுவுல எனக்குத்தான் சோறு இறங்காது, அந்த மாதிரி வயிறு மாட்டிக்குது. அன்னைக்கு இவரு பக்கத்துலயும் ஒரு பஸ்ஸு பின்னால போயிருக்கணும். நிக்கிற பஸ்ஸுல பிரேக்க மிதிச்சா பக்கத்து பஸ்ஸா நிக்கும்? நிக்காதுல்ல? அதான் மனுஷன் பிரேக்கு போச்சுன்னு பதறியிருக்காரு. ஆள் மேல ஏறிடக் கூடாதேன்னு கத்தியிருக்காரு.

சிரிக்கிறீங்க. புருஷனக் காப்பாத்தக் கதை கட்டுறான்னு நினைக்கிறீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

சரி அத விடுங்க. பக்கத்து பஸ்ஸு ஜன்னல்ல ஒரு பொம்மை தொங்குது பாருங்க, அதுக்கு மூக்கு இருக்கா? எனக்கு இங்கேருந்து தெரியல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இருங்க, இந்த முன் ஜன்னல்ல பாப்பா துண்ட உதறிட்டு வந்துடுறேன்.

என்ன மேடம்? என்னாச்சு? கம்பிய ஏன் அப்படிப் பிடிக்கிறீங்க? பாப்பா மேல கை வேற போட்டுட்டீங்க, உருண்டுடுவாளோன்னு. நல்ல மனசுதான் உங்களுக்கு, இவ்வளவு நேரம் காட்டிக்கல.

நகரல மேடம். கீழ பாருங்க. உங்க தண்ணி பாட்டில் வச்ச இடத்துலயே இருக்கு, சாவி உங்க பையில இருக்கு. போனது அந்த பஸ்ஸு. துண்ட உதறுனா மெதுவா ரிவர்ஸ் எடுங்கண்ணேன்னு அந்த டிரைவர் அண்ணங்கிட்ட காலையிலயே சொல்லி வச்சிருந்தேன். எனக்காக ஸ்டார்ட் பண்ணியே உக்காந்திருந்தாரு, பாவம்.

திட்டுங்க, வாங்கிக்கிறேன். வயித்தப் பொரட்டுதா? இந்தாங்க கவரு. இதுக்குன்னுதான் மடியில வச்சிருந்தேன். தூரத்துல பாருங்க, அந்தத் தண்ணித் தொட்டியப் பாருங்க, அடங்கிடும்.

அக்கா, ஒண்ணே ஒண்ணு செய்ங்க. குடிப்பாரான்னு கேட்டு எழுதுனீங்கல்ல, அதுக்குக் கீழ, சாவி என் பையில இருக்கும்போதே நானும் கம்பியப் பிடிச்சேன்னு உங்க கையாலயே எழுதிடுங்கக்கா.