வாசனை இல்லாத மருந்து

காப்பி நல்ல சூடாக இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். ஆறின காப்பி எனக்கு ஆகாது. உங்கள் கான்ஸ்டபிளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

எனக்கு எலிகளோடு வேலை. எழுபத்தெட்டிலிருந்து மைசூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறேன். எலிக்கு ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைத்து, அதன் மூத்திரப்பை எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். முதலில் அடிக்கடி முட்டும். போகப்போகப் பை தளர்ந்துவிடும். நிரம்பியது தெரியாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். கூண்டில் புது மரத்தூள் போட்ட சற்று நேரத்திலேயே சதசதவென்று ஆகிவிடும். அந்த வாடை புடவையிலும் தலைமயிரிலும் ஏறிவிடும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் குமட்டும்.

வீட்டிலும் அதே வாடைதான். என் கணவர் சாம்புவுக்கும் சர்க்கரை, அவர் தம்பி பாச்சுவுக்கும் சர்க்கரை. பாச்சு ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர், எங்களோடேயே இருந்தார். பை அவருக்கு அப்போதே தளர ஆரம்பித்திருந்தது. நாற்காலி, ஜமக்காளம், சுவாமி அறை வாசல்படி, எங்கே தொட்டாலும் ஈரம். "மன்னி, ஸ்வல்ப நனைஞ்சுடுத்து" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். ஆனால் நான் செய்ததற்கு அது காரணமில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எலி சீக்கிரம் செத்துவிடுகிறது, சார். மனிதனின் பை கடைசியில் என்ன ஆகும் என்பது அதை வைத்துத் தெரியாது. என் வீட்டிலோ ஒரே ரத்தம், ஒரே சமையல், ஒரே நோயோடு இரண்டு பேர். இருவருக்கும் காலையில் இன்சுலின் போடுவது நான்தான். ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு வெறும் உப்புநீர் என்று போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். எலிகளுக்கும் அப்படித்தான் செய்கிறோம். உப்புநீர் பாச்சுவுக்கு விழுந்தது. அவர் இன்சுலின் பாட்டிலைக் காலி செய்து அதிலேயே நிரப்பி வைத்தேன்.

தினமும் ஊசி போட்டபின் அவர் அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்துவேன், எலிக்கு அழுத்துகிற மாதிரியே. பை பூசணிப் பிஞ்சு போல வீங்கியிருக்கும். அவருக்கு வலி தெரியாது, காலோடு வழியும். "பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா, மன்னி" என்றார். நான் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

நாளாக ஆக அவர் எலும்பும் தோலுமாக ஆனார். ஒருநாள் மூச்சு வாங்கி, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

சாம்புதான் கண்டுபிடித்தார். தம்பியின் மருந்தை வீணாக்குவானேன் என்று அந்தப் பாட்டிலை எடுத்துத் தனக்கே போட்டுக்கொள்ளப் போனார். இன்சுலினுக்கு டெட்டால் மாதிரி ஒரு வாடை உண்டு. முகர்ந்து பார்த்துவிட்டு, "நாகு, இது வெறும் தண்ணியான்னா இருக்கு" என்றார். வாடையிலேயே உழன்ற எனக்கு அது தோன்றவே இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் தம்பியை நான் வெறுத்துக் கொல்லவில்லை. எந்த எலிக்கு எது என்று எங்கள் கூடத்தில் யாரும் பார்த்து எடுக்க மாட்டோம்; சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். வீட்டிலும் உப்புநீர் யாருக்கு என்று சுவாமி முன்னால் இரண்டு பெயரையும் எழுதிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

முதலில் சாம்புவின் பெயர்தான் வந்தது. பாச்சுவின் பெயர் வரும்வரை குலுக்கினேன்.