மறைத்து வைத்த படம்

— செல்வகுமாரு கூட வந்தவங்க யாருன்னு நர்ஸ் கூப்பிடறாங்க. பத்து நிமிஷம்தான் வுடுவாங்களாம். எந்திரி தம்பி, போயி அவரு காதுகிட்ட பாடு.

— என்னால முடியாது அண்ணி.

— டாக்டரே சொல்லிட்டாரு. மூணு நாளா கண்ணு தொறக்கல, பழகின குரல் கேட்டா ஒருவேளை அசைவு தெரியலாம்னு. நான் கத்திப் பார்த்துட்டேன். பாப்பாவ வுட்டு கூப்பிடச் சொல்லியும் பார்த்துட்டேன். ம்ஹூம். உன் பாட்டுன்னா என் வூட்டுக்காரருக்கு உசுரு.

— எனக்கு தபலா வாசிக்கற சுப்பிரமணியன வேணா வரச் சொல்லட்டுமா?

— ஐ.சி.யூ.ல தபலா தட்டவா? என்ன பேசற நீ. நாலு வருசமா கம்பெனில உனக்கு ரிகர்சல்னா ஷிப்ட்டு மாத்திக்கினாரு, கச்சேரின்னா மாத்திக்கினாரு. "ஜெயகணேஷ் பாடறான், நான் போயி மெஷின பார்த்துக்கறேன்"னு டிபன் டப்பாவ தூக்கிக்கினு கெளம்பிடுவாரு. எங்கூட்டு விசேஷத்துக்குக்கூட அப்படி மாத்தினதில்ல.

— அதனாலதான் அண்ணி முடியல.

— ஞாயித்துக்கெழமையும் அப்படித்தான? அவரு ஃபர்ஸ்ட் ஷிப்ட்ட முடிச்சுட்டு, அப்படியே உன் செகண்ட் ஷிப்ட்டையும் பார்த்தாரு. பதினாறு மணி நேரம். வர்ற வழியில கண்ணு சொக்கி, மரத்துல வண்டிய வுட்டுட்டாரு. நீ பாடுவன்னு நம்பித்தான நின்னாரு.

— அன்னிக்கு நான் பாடல அண்ணி. கச்சேரியே இல்ல.

— மேல சொல்லு.

— கேமராவ எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போயிட்டேன். எங்க ஃபோட்டோ குரூப்புல ஆறு பேரு, ஏரிக்கரையில சும்மா நடந்துக்கிட்டே எடுப்போம். எனக்கு பாட்டையும் விட மனசில்ல, இதையும் விட மனசில்ல. ரெண்டுக்கும் லீவு பத்தல. "பாட்டுன்னா எத்தன ஷிப்ட்டும் பார்க்கறேன், படம் புடிக்கறதுக்கு நீ லீவு போட்டுக்க"ன்னு அண்ணன் முன்னாடியே சொல்லிட்டாரு. அதான் பிள்ளையார் கோயில்ல கச்சேரின்னு பொய் சொன்னேன்.

— அவ்ளோதானா?

— கொக்கு படம் ஒண்ண ஸ்டேட்டஸ்ல வேற போட்டேன். அண்ணன் பார்த்துடக் கூடாதுன்னு அவரு நம்பர மட்டும் மறைச்சுட்டு. எந்த வாயோட நான் உள்ள போயி பாடுவேன்? செருப்பால அடிங்க அண்ணி, வாங்கிக்கிறேன். பாடுன்னு மட்டும் சொல்லாதீங்க.

— அவரு நம்பர மறைச்ச. என் நம்பர மறைக்கலியே.

— அண்ணி?

— அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கே பார்த்துட்டேன். வயிறு எரிஞ்சுது. ஒடனே அவருக்கு போன் போட்டு, "நீங்க அங்க வெந்துக்கினு கெடங்க, உங்க பாடகரு ஏரியில கொக்கு பார்த்துக்கினு கீறாரு"ன்னு சொல்லிட்டேன். நான் அப்படி சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா வண்டி ஓட்டிக்கினு வந்திருப்பாரோன்னு மூணு நாளா தலையில அடிச்சுக்கினு இருக்கேன் தம்பி. உங்கிட்ட சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல.

— அண்ணன் என்ன சொன்னாரு?

— திட்டுவாருன்னுதான் நெனச்சேன். "படம் நல்லா வந்திருக்குதா"ன்னு கேட்டாரு.