திங்கட்கிழமைச் சங்கு ஊதிய அம்மையாருக்கு

ஆற்றின் அசைவறிந்த அன்னையே! வானம் வஞ்சிக்கும் முன்னே வாசல்தோறும் சொல்லிவைத்த வல்லவரே! வெள்ள எச்சரிக்கை நிலையத்தின் விளக்கே! விடைபெறும் தங்களை வணங்கி நிற்கிறோம்.

மழை ஆண்டுக்கு ஆண்டு முறைதவறிப் பெய்யத் தொடங்கியபோது, "இனிமே ஆறு சொல்லிட்டு வராது, நாமதான் சொல்லணும்" என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி அபாயச் சங்கை வாங்கித் தந்தவர் தாங்கள். அது பழுதாகிக் கிடந்துவிடக் கூடாதென்று மாதத்தின் முதல் திங்களன்று காலை பத்து மணிக்கு ஊதிப் பார்த்தீர்கள். கரைத்தெரு மக்கள் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். இம்மடலின் முதற்படியில் அதைத்தான் 'தவறாத தவமே!' என்று தலைமேல் வைத்து எழுதினோம். படித்ததும் தாங்கள் எழுந்தே போய்விட்டீர்கள். "அந்த வரிய அடிச்சிடுங்கப்பா, வெக்கமா இருக்கு."

அடித்துவிட்டோம், அம்மா. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய எங்களுக்கும் வெட்கம்தான். போன மழைக்காலத்தில் மெய்யான வெள்ளம் ஒரு முதல் திங்களன்று, அதே பத்து மணிக்கல்லவா வந்தது! தாங்கள் விடாமல் ஊதினீர்கள்; கரைத்தெருவோ சோதனைச் சங்குதானே என்று உலை வைத்துக்கொண்டிருந்தது. முடிதிருத்தும் கடைக்காரரின் மனைவியை ஆறு கொண்டுபோயிற்று.

அன்றுமுதல் சோதனைக்கு மணி, வெள்ளத்துக்கு மட்டுமே சங்கு என்று மாற்றினீர்கள். கதவு கதவாகத் தட்ட ஆள் அமர்த்தினீர்கள். இந்த மழையில் கரைத்தெரு முழுவதும் நனையாமல் மேடேறியது! பாராட்ட வந்தால், "போங்கப்பா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று முகம் திருப்பிக்கொள்கிறீர்கள். கடைக்காரரைக் கண்டால் தெருவையே மாற்றி நடக்கிறீர்கள்.

நேற்று அவரை விழாவுக்கு அழைக்கப் போனோம். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைக்கிறோம்:

"சங்கு கேட்டதும் அவ கிளம்பத்தான் செஞ்சா. நான்தான், 'திங்கட்கிழமைச் சங்குடி, வேலையப் பாரு'ன்னு சிரிச்சிட்டுக் கடைக்கு வந்தேன். என் முகத்தப் பார்க்க அம்மா வெக்கப்படுறாங்க. நான் யார் முகத்தப் பார்ப்பேன்?"

இதற்குப் பதில் சொல்லத் தங்களால்தான் முடியும் என்று நம்புகிறோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா. தங்களுக்காக அவர் பக்கத்து நாற்காலியில் நாங்கள் யாரையும் உட்காரவிடவில்லை.

நோயற்று, நெஞ்சம் ஆறி, நெடுநாள் வாழ்க!

தலைகுனிந்த அன்புடன்,
நிலையப் பணியாளர்கள்