கிளியின் எடை முப்பத்திரண்டு கிலோ

— ஆறு மாசத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். ஞாபகம் இருக்கா டாக்டரே?

— நீ கேட்டதையெல்லாம் ஞாபகம் வச்சுக்க எனக்கு இன்னொரு தலை வேணும், இன்ஜினியரம்மா.

— "உங்க பைல்ல எல்லா வரியும் ஒரே மாதிரிதானே இருக்கும்?"னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

— "ஒரே மாதிரிதான்"னு சொன்னேன்.

— எப்படிச் சொன்னீங்க? மேஜை மேல ஒரு பூனை. அது உங்க மணிக்கட்டைப் பிராண்டிக்கிட்டு இருக்கு. ரத்தம் வருது. நீங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி, "பதினோரு வருஷமா ஒரே மாதிரிதான் தட்டிட்டு வர்றேன். தேதி, பேரு, எடை, நோய், மருந்து. ஒரு கமா மாறாது"ன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன்.

— சரி, இப்ப என்ன மாறிப்போச்சு?

— வந்து திரையைப் பாருங்க. கையைத் துடைச்சுட்டு வாங்க, இது என் கம்ப்யூட்டர்.

— அதுல பாரு, மத்தியானம் கிளினிக் கதவைச் சாத்தறதே நான் நாலு வாய் சாப்பிடறதுக்குத்தான்.

— சாப்பிடலாம். இருங்க, இருங்க. எட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டாவது வரி. எடை இருக்க வேண்டிய இடத்துல என்ன இருக்கு? சத்தமாப் படிங்க.

— "கடிச்சிடுச்சு."

— எடை எவ்வளவுன்னு கேட்டா, கடிச்சிடுச்சு. அடுத்தது?

— "தூக்க முடியலை."

— இது?

— "போன தடவையை விடக் கொஞ்சம் குண்டு." அதுல பாரு, அதுல பொய் ஒண்ணும் இல்லை. அந்த நாய்க்கு வீட்டுல ஆளாளுக்குத் தனித்தனியாச் சோறு போட்டாங்க.

— தேதி இடத்துல "நேத்து"ன்னு இருக்கு! எந்த நேத்து டாக்டரே? பதினோரு வருஷத்துல எத்தனை நேத்து வந்துபோச்சு?

— அன்னைக்கு கரண்ட் இல்லை. மறுநாள் உக்காந்து தட்டினேன். அப்ப அது நேத்துதானே?

— கடவுளே! நாப்பதாயிரம் வரி. ஒவ்வொரு வரியையும் படிச்சு, இது தேதி, இது எடை, இது மருந்துன்னு பிரிச்சு அடுக்கறதுக்கு நான் ஒரு பார்சர் எழுதறேன். அது உங்க பைலைப் பார்த்து அழுவுது.

— உன் கம்ப்யூட்டர் மொழி பெரிய மொழி, எதையும் விடாதுன்னு பெருமை அடிச்சியே?

— பெரிய மொழின்னு எப்ப சொன்னேன்? சின்ன மொழி. அதுக்கு இப்பதான் நாலு வயசு.

— நாலு வயசுன்னா நாய்க்கு வாலிபம். கிளிக்கு இன்னும் விளையாட்டு வயசு. ஆமைக்கு அதெல்லாம் ஒரு வயசே இல்லை. உன்னோடது எப்படி?

— குழந்தைதான். போன மாசம் ஒரு ஃபங்ஷனுக்கு, அதான் ஒரே ஒரு வேலையைச் செய்யற குட்டிக் கட்டளைக்கு, இருந்த பேரு இந்த மாசம் இல்லை. அந்த மொழியைக் கட்டறவங்க அங்க ஒரு பேரை மாத்தினா நான் இங்க நூறு இடத்துல மாத்தணும். தேதியைப் படிக்கக்கூட அதுக்குத் தெரியாது. நானே உக்காந்து எழுதினேன்.

— அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறே? வளர்ந்த மொழி ஒண்ணைப் பிடிக்க வேண்டியதுதானே?

— அது என்னை ஏமாத்த விடாது. அதான் பிடிச்சிருக்கு. "எடை நம்பரா வந்தா இப்படிச் செய்"னு எழுதிட்டு நைசா நகரலாம்னு பார்த்தா, எழுதினதைச் சரிபார்க்கற கம்பைலர் கையைப் பிடிச்சு நிறுத்தும். "நம்பர் வரலைன்னா என்ன பண்ணுவே?"ன்னு கேக்கும். பதில் எழுதாம அடுத்த அடி வைக்க முடியாது.

— எங்க அண்ணி மாதிரி.

— உங்க அண்ணி என் கூடப் பொறந்தவ. அவ கேள்வி கேட்டு நான் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த மொழி எனக்குச் சுலபமா வந்துச்சு.

— சரி, இந்தக் "கடிச்சிடுச்சு"க்கு என்ன பதில் எழுதினே?

— இந்த மொழியில எல்லாத்தையும் குட்டிக் குட்டியா எழுதணும். ஒரு ஃபங்ஷன் நம்பரை மட்டும் படிக்கும். இன்னொண்ணு தேதியை மட்டும். ஒண்ணு கமாவை முழுங்கிட்டுப் பேசாம இருக்கும். வரிசையாக் கோத்துவிட்டா ஒரு முழு வரியைப் படிச்சுடும். உங்களுக்காகத் தனியா ஒண்ணு எழுதி, அதுக்குக் "கடி"ன்னு பேரு வச்சிருக்கேன்.

— அது என்ன பண்ணும்?

— "கடிச்சிடுச்சு", "மறுபடியும் கடி", "கை போச்சு", "கம்பவுண்டர் அண்ணன் ஓடிட்டார்", இது எல்லாத்துக்கும் ஒரே பதில். எடை தெரியாது, கோபம் உண்டு.

— கோபத்துக்குத் தனிக் கட்டம் போட்டுட்டியா?

— நீங்கதானே பாடாப் படுத்தினீங்க? எது கடிக்கும், எது ஊசியைப் பார்த்தா மயங்கும், எதுக்குக் காதுக்குப் பின்னாடி தடவினாப் பிடிக்கும், எல்லாம் தனியா வரணும்னு. எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை. உங்களுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடத் தெரியுமே.

— மறந்துட்டா?

— நீங்களா? என் பிறந்தநாளைத் தவிர வேற எதை மறந்திருக்கீங்க?

— அதையும் மறக்கலை. உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்.

— எதுக்கு?

— உள்ளே நிறையப் பேர் இருந்தாங்க. சரி, சாப்பிடட்டுமா?

— இருங்க, இருங்க. பெரிய சங்கதி இன்னும் பாக்கி இருக்கு. மஞ்சள் கலர்ல இருக்கற வரியைப் பாருங்க. பேரு மிளகு. கிளி. எடை முப்பத்திரண்டு கிலோ.

— என்னது?

— முப்பத்திரண்டு கிலோ.

— மிளகு இப்ப என் தோள் மேல உக்காந்திருக்கு. முப்பத்திரண்டு கிலோன்னா நான் தரையில கிடந்திருப்பேன்.

— பைல்ல எடை இடம் காலி. மேல் வரியில ராணின்னு ஒரு வேட்டை நாய், முப்பத்திரண்டு கிலோ. பார்சர் சமத்தா மேல இருந்ததை எடுத்துக் கிளிக்குக் குடுத்துடுச்சு.

— காலியா இருந்தா மேல் வரியிலிருந்து எடுக்கச் சொன்னது யாரு?

— நான்தான். ஒரு நாள் ஆறு நாய்க்குட்டி ஒண்ணா வந்திருக்கு. முதல் குட்டிக்கு மட்டும் எடை போட்டு மத்த அஞ்சுக்கும் காலியா விட்டிருந்தீங்க. ஓகோ, மேல இருக்கறதேன்னு அர்த்தம் போலன்னு நினைச்சேன்.

— அந்த அஞ்சும் தராசுல நிக்காம ஓடிடுச்சு, அதனால விட்டேன். மத்தபடி காலின்னா, போன தடவை வந்தப்ப இருந்த எடைதான் இப்பவும்னு அர்த்தம். மாறாததை எதுக்கு மறுபடி தட்டணும்?

— இதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன?

— நீ கேக்கலையே.

— எப்படிக் கேக்கறது? ஒண்ணுமே எழுதாத இடத்துல என்ன எழுதியிருக்கீங்கன்னு கேக்கணுமா? ஏன் டாக்டரே, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? நான் விளையாட்டுக்குத்தான் திட்டினேன்.

— இந்த மாதிரி எத்தனை வரி இருக்கு?

— ரெண்டாயிரத்துச் சொச்சம். பயப்படாதீங்க. மேல் வரியை விட்டுட்டு அதே பேருல பின்னாடி தேடிப் போன்னு மாத்தணும். எட்டு வரி வேலை. அந்த அஞ்சு குட்டிக்கும் தெரியாதுன்னு போட்டுடலாம்.

— இப்பவே மாத்திடு. எடையை வச்சுத்தான் மருந்து. முப்பத்திரண்டு கிலோன்னு நம்பி ஒருத்தர் ஊசி போட்டா மிளகு அந்த இடத்துலயே போயிடும்.

— யாரு போடுவா? நீங்களே கிளியைப் பார்த்து நாய்னு நினைச்சுக்குவீங்களா?

— நான் இருக்கறப்ப சரி.

— நீங்க எங்க போகப் போறீங்க? போறது நான்தான். ஞாயித்துக்கிழமை காலையில விமானம். இன்னைக்கு வியாழன். அப்புறம் இதுல ஏதாவது உடைஞ்சா திருத்த இந்த ஊர்ல ஆள் கிடையாது. இங்க இந்த மொழி தெரிஞ்சவங்க என்னையும் சேர்த்து ஒரே ஒருத்தர்.

— மூணு வருஷமா, நாலு வருஷமா?

— மூணுன்னு போட்டிருக்காங்க. பிடிச்சா நீட்டிக்கலாம். உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? மொழியைக் கட்டறவங்க என்னை எதுக்கு வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னு? நான் எழுதின தேதி ஃபங்ஷனைப் பார்த்துட்டு. "நேத்து"ன்னு வந்தாக்கூட உடையாம, முன்னாடி பின்னாடி பார்த்துத் தேதி கண்டுபிடிக்குதாம். அசந்துட்டாங்க.

— அப்ப என் பைல்தான் உன்னை ஊரை விட்டு அனுப்புது.

— ஆமா. ஒழுங்காத் தேதி போட்டிருந்தீங்கன்னா நான் இங்கயே கிடந்திருப்பேன்.

— அதுல பாரு, எனக்குச் சந்தோஷம்தான்.

— தெரியுமே. நாலு வருஷம் முன்னாடி அக்கா நம்ம ரெண்டு பேர் கல்யாணப் பேச்சை எடுத்தப்பவே நீங்க சொன்னதுதானே, "உங்க தங்கச்சிக்கு இந்த ஊரு பத்தாது அண்ணி"ன்னு. அவ அப்படியே வந்து என்கிட்ட ஒப்பிச்சா.

— நீ சொன்னதையும் என்கிட்ட ஒப்பிச்சாங்க. "அவரு அந்தக் கிளினிக்கை விட்டு எழுந்திருக்க மாட்டாரு, நான் வந்து பூனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"ன்னு.

— அது கோபத்துல சொன்னது.

— பத்தாதுன்னு நான் சொன்னதும் கோபம்தான். உன் மேல இல்லை.

— மாத்தி முடிச்சுட்டேன், பாருங்க. மிளகு, நூத்திப் பத்து கிராம். இப்பச் சரியா?

— சரி. இளைச்சிருக்கு, ஆனா சரி.

— இப்ப நான் கேக்கறேன், ஒழுங்காப் பதில் சொல்லுங்க. இந்தப் பைலை யார் படிக்கப் போறா? காதுக்குப் பின்னாடி தடவறது வரைக்கும் யாருக்கு எழுதி வைக்கறீங்க?

— திங்கட்கிழமை ஒரு டாக்டரம்மா வர்றாங்க.

— அட! உதவிக்கு ஆள் வச்சுக்கங்கன்னு அக்கா எத்தனை வருஷமாக் கத்தறா. இப்பவாவது வச்சீங்களே.

— உதவிக்கு இல்லை.

— பின்னே?

— இனிமே கிளினிக்கை அவங்கதான் பார்த்துப்பாங்க. முழுசா. கம்பவுண்டர் அண்ணன் கூட இருப்பாரு.

— உங்களுக்கு உடம்பு ஏதாவது… என்கிட்ட மறைக்காதீங்க.

— கல்லு மாதிரி இருக்கேன். பசிதான், அதுவும் உன்னால.

— விளையாடாதீங்க. பதினோரு வருஷம். சுவத்துக்கு நீங்களே சுண்ணாம்பு அடிச்சீங்க. அந்த மேஜையை நீங்களே தள்ளிக்கிட்டு வந்தீங்க. இதை விட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?

— ஒரு பரீட்சைக்குப் படிக்கறேன். வேற ஊர்ல வைத்தியம் பார்க்கணும்னா மறுபடி எழுதணுமாம். ஒரு வருஷம் ஆகும்.

— எந்த ஊர்ல?

— முதல்ல சாப்பிடட்டுமா?

— டாக்டரே, எந்த ஊர்ல?

— உனக்கு வேலை வந்த அன்னைக்கு ஆரம்பிச்சேன். அதுல பாரு, முன்னாடியே கேட்டிருக்கலாம். ஆனா கிளினிக்கைக் கையில வச்சுக்கிட்டு நான் என்ன கேட்டாலும், போகாதேன்னு சொல்ற மாதிரிதான் உன் காதுல விழும். அதான் முதல்ல இதை ஒருத்தர் கையில குடுத்துட்டு…

— நான் முடியாதுன்னு சொல்லிட்டா?

— டாக்டரம்மாகிட்ட அரை நாள் வேலை கேட்டு வச்சிருக்கேன். யோசிக்கறேன்னாங்க.

— சொந்த கிளினிக்லயே!

— கடிக்கறதெல்லாம் எனக்காம். கடிக்காததெல்லாம் அவங்களுக்காம்.

— சிரிக்க வைக்காதீங்க. நான் இப்ப அழணுமா சிரிக்கணுமான்னே தெரியலை.

— எனக்கும் தெரியலை.

— ஒண்ணு மட்டும் சொல்றேன். இவ்வளவு நேரமும் ஏன் கேக்கலைன்னுதான் சொன்னீங்க. இன்னும் கேக்கலை.

— கேக்கட்டுமா?

— கிளியை இறக்கிட்டுக் கேளுங்க. அது எல்லார்கிட்டயும் சொல்லிடும்.

— இறக்கிட்டேன்.

— ம்.

— என்னையும் உன்கூடக் கூட்டிட்டுப் போறியா?